சும்மா இருப்போரின் ஏழு நாட்கள்



நம் ஊர்ப் பேச்சில் ஒரு சிறு வசனம் உண்டு. சொல்பவருக்கு அதன் பாரம் தெரிவதில்லை. கேட்பவருக்கோ அது நெஞ்சில் தைக்கும். "உங்களுக்கென்ன, சும்மாதானே இருக்கிறியள்!"

முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலோ, தபாற் கந்தோரிலோ, ஆஸ்பத்திரியிலோ உழைத்த ஒருவர் கடைசிநாட் கையொப்பத்தை இட்டுவிட்டு வெளியே வருகிறார். மாலை போடுகிறார்கள், நாலு நல்ல வார்த்தை பேசுகிறார்கள். மறுநாள் விடிந்ததும் உலகம் அவருக்குப் புதிய பட்டமொன்றைச் சூட்டிவிடுகிறது: சும்மா இருப்பவர். கடலிலும் தோட்டத்திலும் உழைத்தவருக்கு அந்த மாலையும் இல்லை. பட்டம் மட்டும் உண்டு. அவருடைய மனைவிக்கோ அடுப்படியிலிருந்து ஓய்வு கொடுக்க எந்தத் திணைக்களமும் இல்லை.

இந்தப் பட்டம் உண்மைதானா? பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவைத் தாண்டியதும் வருகின்ற அல்லைப்பிட்டிக்கு ஒருதரம் மனத்தால் போய் வருவோம். அங்கே ஓய்வு பெற்ற தம்பதியர் இருவர் வாழும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; அப்படியொரு வீடு உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். மகன் கனடாவில்; மகள் யாழ்ப்பாணத்தில். இவர்களுடைய ஒரு கிழமை எப்படிக் கழிகிறது?

திங்கட்கிழமை ஐயா வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். ஓய்வூதியம் பெறுபவர் தாம் இன்னும் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும் அல்லவா? அதற்கு முதலில் விதானையாரைக் காணவேண்டும். செவ்வாய்க்கிழமை அம்மாவின் கிளினிக். விடியுமுன்னரே எழும்பி, தேத்தண்ணீர் வைத்துக் குடித்து, முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்து, பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து வாங்கித் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். புதன்கிழமை அயலில் ஒரு செத்தவீடு. அம்மா அந்த வீட்டாருக்குச் சமைத்துக் கொண்டுபோக, ஐயா வருகிறவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, இரவு செபமாலையும் சொல்லி வைக்கிறார். வியாழக்கிழமை வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் வளவு. வேலி விழுந்து கிடக்கிறது. ஆள் பிடித்து அடைக்கவேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து கூட்டவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அயற்பிள்ளைகள் மூன்று நாலு பேர் கணக்குப் படிக்க வருவார்கள். கூலி ஏதும் இல்லை. சனிக்கிழமை கோவில் கூட்டும் முறை. அதோடு மகளின் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. அன்று பின்னேரம், கனடாவில் விடிகிற நேரத்தில், மகனின் தொலைபேசி அழைப்பு. சுகம் விசாரித்தபின் மகன் சொல்கிறான்: "அப்பா, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள். ஒருக்கால் கச்சேரிக்குப் போய் என்ர பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்து அனுப்புங்கோவன்."

அடுத்த திங்கட்கிழமையும் போயிற்று!

வாசகர்களே, இது சிரிப்புக்குரிய காரியம் மட்டுமன்று. இத்தகைய ஏழு நாட்களால்தான் நம் தீவுக் கிராமங்கள் இன்று நிமிர்ந்து நிற்கின்றன. பூட்டிய வீடுகள் பாழடையாமல் இருப்பது இவர்களால். கோவில் மணி நேரத்துக்கு அடிப்பது இவர்களால். செத்தவீட்டில் தோள் கொடுப்பது இவர்களால். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நம் நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்திருந்தனர். இளையோர் கடல்கடந்து போய்விட்ட ஊர்களில் இந்தப் பங்கு எப்படியிருக்கும் என்பதை நம் கோவில் வாங்குகளைப் பார்த்தாலே புரியும்.

திருமறையிலும் ஓர் ஓய்வுபெற வேண்டாத வயோதிபரைக் காண்கிறோம். யெருசலேம் ஆலயத்துக் குருக்கள் இருபத்துநான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு வகுப்பும் முறைவைத்து ஒரு கிழமை ஆலயப் பணி செய்யும். அவற்றுள் எட்டாவதான அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவர் சக்கரியா. அவருக்கும் எலிசபெத்தம்மாளுக்கும் வயதாகிவிட்டது, பிள்ளையும் இல்லை. ஆயினும் தம் முறை வந்தபோது அந்த முதியவர் மலைநாட்டிலிருந்து இறங்கிவந்து தம் கிழமையைச் செய்தார். தூபம் காட்டச் சென்ற அந்தப் பணிவேளையிலேதான் கபிரியேல் சம்மனசு அவர்முன் நின்றார். வானத்தின் செய்தி வேலையற்ற ஒருவரைத் தேடி வரவில்லை. தம் முறைக் கிழமையைச் செய்துகொண்டிருந்த கிழவரிடம் வந்தது.

ஆனால் லூக்கா நற்செய்தியாளர் அத்தோடு நிறுத்தவில்லை. பணிக்குரிய நாட்கள் முடிந்ததும் சக்கரியா வீடு திரும்பினார் என்றும் எழுதுகிறார். இந்தச் சிறு குறிப்பை நாம் வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். அவருடைய கிழமைக்கு ஒரு முடிவு இருந்தது. அதன்பின் வீடு இருந்தது, மனைவி இருந்தாள், பேச்சற்ற மாதங்கள் இருந்தன. அந்த அமைதியில்தான் வாக்களிக்கப்பட்ட குழந்தை உருவானது. குழந்தைக்கு என்ன பெயர் என்று சுற்றத்தார் கேட்டபோது, தாய் வாயாற் சொன்னதும் தந்தை பலகையில் எழுதியதும் ஒரே பெயர்: அருளப்பர். இருவரும் ஒரே மனத்தினராய் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் அல்லைப்பிட்டித் தம்பதியரின் கிழமைக்கு முடிவு எங்கே? ஏழு நாளும் ஓடியாடித் திரிந்த இந்த இருவரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருந்த நேரம் எத்தனை? "இஞ்சாருங்கோ, குளிசை போட்டாச்சோ?" என்பதும், "இஞ்சாரும், குடையை எங்கை வைச்சனீர்?" என்பதும் அன்பின் சொற்களே, அதை நாம் மறுக்கவில்லை. எனினும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பீடத்தின்முன் கைபிடித்துக் கொடுத்த வாக்கு மருந்தையும் குடையையும் பற்றியது மட்டுமோ? உத்தியோகத்துக்கு ஓய்வு வயது உண்டு. மெய்விவாகத்துக்கு இல்லை.

தமிழ் ஞானியர் 'சும்மா இருத்தல்' என்பதைத் தவத்தின் உச்சியாகப் போற்றினார்கள். நாமோ அதை வசைச் சொல்லாக்கிவிட்டோம். சும்மா இருக்கிறார்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர்களுக்கு உண்மையான சும்மா இருத்தலை ஒரு நாழிகைதானும் விட்டுவைக்கவில்லை. ஆண்டவர் ஏழாம் நாளைப் பரிசுத்தமாக்கியது பிள்ளைகளுக்கும் உத்தியோகத்தருக்கும் மட்டுமன்று; முதியோருக்கும்தான்.

இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். இது சற்று நோகும். நம் முதியோரில் சிலர் ஓய்வைத் தாமே விரும்புவதில்லை. கை சும்மா இருந்தால் மனம் பேசத் தொடங்கிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அல்லைப்பிட்டியில் இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஆவணியில் தீவுப்பகுதியில் படை நடவடிக்கை நடந்தபோது அல்லைப்பிட்டி, மண்டைதீவுப் பகுதிகளிற் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் இன்றுவரை திரும்பவில்லை. 2006 மே 13ஆம் திகதி இரவு, பச்சிளம் குழந்தை உட்படப் பலர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி, மக்கள் அடைக்கலம் தேடியிருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் எறிகணைகள் வீழ்ந்து குறைந்தது 15 பேர் மாண்டார்கள். ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20ஆம் திகதி, பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவரோடு சென்ற பங்குத் தொண்டரும் காணாமற் போனார்கள்.

ஆகவே அவ்வூரிலும் அயலூர்களிலும் சில வீடுகளில் முதிய தாயும் தகப்பனும் செய்யும் ஒரு வேலை எந்த நாட்குறிப்பிலும் வராது. அதுதான் காத்திருத்தல். கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆணைக்குழுவுக்கு ஆணைக்குழு சென்றவர்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம்வரை ஏறி இறங்கியவர்கள், பதில் வருமுன்னரே கண்மூடியவர்கள் நம் மறைமாவட்டமெங்கும் உண்டு. இரவில் நாய் குரைத்தால் படலையை எட்டிப் பார்க்கின்ற தாயை நோக்கி, "சும்மா இருக்கிறியள்" என்று யார் சொல்லத் துணிவார்?

இவர்களுக்குச் சிமியோனும் அன்னம்மாளும் துணை. 84 வயதுவரை கைம்பெண்ணாய் ஆலயத்திலே செபித்துக் காத்திருந்த அந்த அன்னம்மாளைத் திருமறை சும்மா இருந்தவள் என்று சொல்லவில்லை. இறைவாக்கினள் என்று அழைக்கிறது. தனியே சுமக்கும் காத்திருப்பு மனிதரை உடைக்கும். இருவராய், ஆண்டவர்முன் அமர்ந்து, போன பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிச் செபிக்கும் காத்திருப்பு அவர்களைத் தாங்கும். ஆதலால் அமைதிக்கு அஞ்சவேண்டாம், அன்புப் பெற்றோரே. அங்கே பிள்ளையின் முகம் மட்டுமன்று, ஆண்டவரின் முகமும் காத்திருக்கிறது.

அல்லைப்பிட்டிப் பாதுகாவலரான பிலிப்பு நேரியாரையே பாருங்கள். 1515இல் புளோரன்சிற் பிறந்து உரோமையில் உழைத்த அவர், 80 வயதை எட்டும் நாட்களிலும் முகம் மலர்ந்த முதியவராய் இருந்தார். 1595ஆம் ஆண்டு ஆண்டவரின் திருவுடல் திருநாளன்றும் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், வந்தவர்களைக் கண்டு பேசினார். அன்றிரவு, மே 26ஆம் திகதி பிறந்தவேளையில், உயிர்துறந்தார். கடைசி நாள்வரை நிறைந்த வேலை. ஆனால் நெடுநேரச் செபத்தில் வேரூன்றிய வேலை. அதனால்தான் அது அவரை வாட்டவில்லை, மகிழ்வித்தது.

இனிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்கிறது. நான்காம் கற்பனை அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது, அதனிலும் ஆழமானது. பணம் அனுப்புவது நல்லதே. ஆயினும் உயிரோடிருப்பதாக அரசாங்கத்துக்கு ஆண்டுக்கொருமுறை எழுதிக் காட்டும் பெற்றோர், அதை உங்களுக்கும் வேலை செய்தே காட்டவேண்டுமோ? திருமறையில் ஓய்வு வயது சொல்லப்படும் இடம் ஒன்று உண்டு. எண்ணாகமத்தின் எட்டாம் அதிகாரத்தின்படி, லேவியர் 50 வயதில் கடும் பணியிலிருந்து விடுபடுவார்கள். அதன்பின் சகோதரருக்குத் துணையாக நிற்கலாம். சுமை இறங்கும், சுற்றம் நீங்காது. முதியோரை நடத்தும் முறை இதுவே. நாமோ பல வேளைகளிற் சுமையை விட்டுவைத்துச் சுற்றத்தை எடுத்துவிடுகிறோம்.

2021ஆம் ஆண்டு பரிசுத்த தந்தை பிரான்சிஸ், சுவக்கீன் அன்னம்மாள் திருநாளை ஒட்டிவரும் யூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தினார். அந்த ஞாயிறு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இக்கிழமையே ஆளுக்கொன்றைச் செய்வோம். தூரத்துப் பிள்ளை இம்முறை வேலை ஏதும் சொல்லாமல், கதை கேட்பதற்கென்றே அழைக்கட்டும். கிட்டவுள்ள பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குத் துணையாகப் போகட்டும். அயலிலுள்ள இளைஞர் ஒரு நாள் அந்த வேலியை அடைத்துக் கொடுக்கட்டும். தம்பதியரோ, ஒரு பின்னேரமாவது வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்துத் திண்ணையில் இருவராய் இருக்கட்டும். பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. ஒரு பத்து மணி செபமாலை சொன்னால் இன்னும் நன்று.

அப்போது ஒழுங்கையாற் போகிறவர் எட்டிப் பார்த்து, "என்ன, சும்மா இருக்கிறியளோ?" என்று கேட்பார். "ஓம், சும்மாதான் இருக்கிறம்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அந்தத் திண்ணையில் மூன்றாமவராக ஆண்டவரும் உங்களோடு இருப்பார்.