குறி தப்பாத கை குற்றமற்றதா?

காஞ்சிபுரம் அட்டபுயகரத்துப் பெருமாளுக்கு எட்டுக் கைகள். சக்கரம், வாள், அம்பு, சங்கு, வில், கேடயம், கதை என ஏழு கைகளில் போர்க்களத்துப் பொருள்கள். மிஞ்சிய ஒரு கையில் பூ. அதே ஊரின் வேகவதி ஆற்றங்கரையில், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், வர்த்தமான மகாவீரரின் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் எழுப்பியவர் இருகப்பர். விஜயநகர அரசின் தண்டநாயகர், அதாவது படைத்தலைவர். பிறவிச் சமணர், புட்பசேன முனிவரின் சீடர், வடமொழியில் அகராதி எழுதிய புலவர். கொல்லாமையை முதல் விரதமாக வைத்த சமயம், வாளேந்தியவரின் காணிக்கையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது.

ஆயுதத்தைக் கையாள்பவன் அறவோனாக இருக்க முடியுமா என்ற இந்தப் பழைய கேள்வியை, இன்று சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கலாம்: துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகக் கொண்டவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கும் மேசையில்.

கடையில் வாங்கும் தோட்டாவோடு இவர்களில் பலர் நிறைவடைவதில்லை. சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்வார்கள். அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புது ப்ரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, புதிய குண்டைச் செருகுவார்கள். இதற்கு ‘ரீலோடிங்’ என்று பெயர். செலவு குறையும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், குறி. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் கிளம்பினால்தான் 300 மீட்டருக்கு அப்பால் துளைகள் ஒன்றையொன்று தொட்டபடி விழும். அதற்காக மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிறார்கள். அது சுமார் ஆறரை மில்லிகிராம். ஒரு குன்றிமணியைப் பதினெட்டாகப் பிரித்தால் அதில் ஒரு துணுக்கு.

உறையின் ஆயுளும் இதே நுணுக்கத்தைக் கேட்கிறது. உறை, செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் கலந்த பித்தளை. சுடும்போது அது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டுகிறது. அச்சில் அழுத்தும்போது சுருங்குகிறது. விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, கழுத்துப் பகுதி இறுகிப் போய் ஒருநாள் விரிசல் விடும். அதைத் தள்ளிப்போட, கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்குவார்கள். அழுத்தம் தாங்கும் அடிப்பகுதிக்கு அந்தச் சூடு போய்விடக் கூடாது. கழுத்துக்குக் கீழே உறை அகலும் ‘தோள்’ பகுதியைத் தேவைக்கு மேல் ஒரு மயிரிழை பின்தள்ளினாலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை நீண்டு, அடிக்கு அருகே சுவர் மெலியும். அங்கே பளபளப்பான ஒரு வளையம் தெரிந்துவிட்டால் அந்த உறையின் கதை முடிந்தது. அதில் மறுபடி மருந்து போடுபவன் தன் கண்ணையும் கையையும் பணயம் வைக்கிறான்.

இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற காரணமும் போய்விட்டது. மிஞ்சியிருப்பது காகித இலக்கு. எனவே இந்தக் கைவேலையைப் பழகுபவர்கள் அதை ஒரு சாதனையாகவே, ஏறக்குறைய ஒரு தவமாகவே பேசுகிறார்கள்: பொறுமை, ஒழுங்கு, ஒருமுகப்பட்ட மனம். கருவி கொலைக்கருவியாக இருந்தாலும் அதன்மேல் செலுத்தும் கவனம் நற்குணம்தானே என்பது அவர்கள் வாதம்.

வியப்பு என்னவென்றால், சமணம் இந்த வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவில்லை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வெறும் உயிர்ப்பறிப்பு என்று வரையறுக்கவில்லை. பிரமாதத்தின் வசப்பட்டு, அதாவது அசட்டையாலும் ஆசை, சினம் போன்ற வேட்கைகளாலும் உந்தப்பட்டு உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. நிலத்தைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் ஒரு பூச்சி அகப்பட்டு இறந்தாலும் அவருக்கு அந்த வினை ஒட்டாது என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். எதையும் பாராமல் நடப்பவன், ஒன்றும் சாகாவிட்டாலும் இம்சை செய்தவனே.

இல்லறத்தாருக்கு இன்னும் கொஞ்சம் தளர்வு உண்டு. இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வந்தவனை எதிர்ப்பதில் நேர்வது. இல்லறத்தான் முற்றாக விட வேண்டியது முதலாவதை. இருகப்பர் போன்ற படைத்தலைவர்கள் நின்றது நான்காவதன் நிழலில். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் துறவுக்கு முன் அரசராக இருந்தபோது மக்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆறு தொழில்களில் வாள்தொழிலும் ஒன்று என்று சமணப் புராணம் சொல்கிறது. அந்த ரிஷபரின் வாழ்க்கைதான் திருப்பருத்திக்குன்றத்து மண்டபக் கூரையில் ஓவியமாக இருக்கிறது.

ஆக, கவனக்குறைவே குற்றம் என்றால், மில்லிகிராம் பார்த்து நிறுப்பவன் தப்பித்துவிட்டானா?

இங்கேதான் சமந்தபத்திரர் குறுக்கே வருகிறார். சமண மரபு காஞ்சியோடு சேர்த்துப் பேசும் ஆசாரியர் அவர். இல்லறத்தாருக்காக அவர் எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு பிறந்தது. பயனில்லாத தீங்கைத் தவிர்க்கும் விரதம் ஒன்றை அந்த நூல் ஐந்தாக வகுக்கிறது. ஐந்தில் ஒன்று, அசட்டையாக நடப்பது. இன்னொன்று, வாள், கோடரி, நெருப்பு போன்ற கொல்லும் பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது. இரண்டும் ஒரே விரதத்தின் கிளைகள். கவனமாக இருப்பது பாதிக் கடன்தான். செய்த பொருள் யார் கைக்குப் போகிறது என்பது மீதிப் பாதி.

பௌத்தம் இதை வணிகத்தின் பக்கமிருந்து கேட்டது. ஏறத்தாழ 640இல் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்தப் பகுதியில் நூறு சங்காராமங்களும், அதாவது பௌத்த மடங்களும், பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். அந்தப் பிக்குகளின் திரிபிடகம், இல்லறத்தான் செய்யக்கூடாத ஐந்து வியாபாரங்களில் ஆயுத விற்பனையை முதலில் வைத்தது. உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவை மற்றவை. வினை என்பது எண்ணமே என்று சொன்ன பௌத்தமும்கூட, நல்லெண்ணத்தோடு விற்றேன் என்ற சமாதானத்தை ஏற்கவில்லை.

வெடிமருந்தும் சமயமும் நம் வரலாற்றில் நேருக்கு நேர் மோதிய 1857இல் கேள்வி வேறு திசையில் போயிற்று. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ பூசியிருக்கும் என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். தேன்மெழுகையும் எண்ணெயையும் தாங்களே பூசிக்கொள்ளலாம், பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று அரசு இறங்கி வந்தும் சந்தேகம் தீரவில்லை. தோட்டாவின் மேல் என்ன இருக்கிறது என்பதே அன்றைய கலக்கம். அது யாரைத் துளைக்கும் என்பது அந்தக் கலக்கத்துக்குள் வரவில்லை.

தூய்மையா, உயிரா என்ற இதே கேள்வியில், பட்டு விஷயத்தில் காஞ்சியும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பூஜைக்குப் பட்டு மடி, பருத்தியைவிடத் தூய்மை. ஆனால் ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் உள்ளிருக்கும் புழுவோடு வெந்நீரில் வேகின்றன. இதையே காரணமாகச் சொல்லித்தான் காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பட்டு வேண்டாம் என்றார். கோர்வைக் கரை பிசகாமல் நாடா ஓட்டி, ‘பெட்னி’ முறையில் முந்தியின் பாவு நூலை உடலின் பாவோடு இழை இழையாகக் கோத்துச் சேர்க்கும் நெசவாளியின் கவனத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் எந்தப் புழுவையும் கொல்லவும் இல்லை. ஆனால் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், வாங்குபவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்று சங்கிலியைப் பின்னோக்கி இழுத்துக் காட்டியது. அந்தக் கணக்கைப் பட்டுக்கு வைத்தால் தறியும் அதில் அகப்படும், கல்யாணப் பெண்ணும் அகப்படுவாள்.

தோட்டாவைத் தானே தயாரிப்பவர், விநோதமாக, இந்தச் சங்கிலியைக் குட்டையாக்கிக்கொள்கிறார். இப்படித் தயாரிப்பவர்களிடையே உலகெங்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே, நீ நிரப்பியதைப் பிறருக்குக் கொடுக்காதே. காரணம் அறநூல் அல்ல. ஒரு துப்பாக்கியின் அறைக்குப் பொருந்திய உறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. மருந்தின் அளவும் அப்படியே. அந்தப் பாதுகாப்பு விதி, சமந்தபத்திரர் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. பெட்டி பெட்டியாகத் தோட்டாவை அனுப்பும் ஆலைக்கு இந்த வசதி இல்லை. அங்கே நிறுப்பவரின் கவனம் எவ்வளவு கூர்மையானாலும், அந்தத் தோட்டா யார் கைக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாது.

காகிதத்தைச் சுடுவதில் கொலையே இல்லையே என்று இன்னும் ஒருவர் கேட்கலாம். சமணர்களிடம் அதற்கும் ஒரு கதை இருக்கிறது, ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில். உயிருள்ள கோழியைப் பலியிட மறுத்த மன்னன் யசோதரன், தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் கொல்வதாக நினைத்து வெட்டினான் என்பதற்காக விலங்காகப் பிறந்து பிறந்து அல்லலுறுகிறான்.

சுடும் இலக்குக்கும் ஓர் உருவம் இருந்ததுண்டு. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் வேகப் பிஸ்டல் போட்டியில் 1980களின் பிற்பகுதி வரை வீரர்கள் சுட்டது மனித உருவ அட்டையை. பிறகுதான் வட்ட வளையங்கள் வந்தன. காவல்துறை, இராணுவப் பயிற்சிக் களங்களில் மனித உருவங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே சுடுபவர் நான்காம் வகை இம்சையைக் காரணம் காட்டலாம். பொழுதுபோக்குக்குச் சுடுபவர் அதே அட்டையைத் தொங்கவிட்டால் அவருக்கு அந்தக் காரணம் கிடையாது. யசோதரன் கதையை நம்புகிறவர் கேட்பார்: மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுக்கத் தெரிந்தவருக்கு, எந்தப் படத்தின் மேல் அதைச் செலவழிப்பது என்று யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்காதா?