கண்டபின் வரும் கடன்

கருப்பைவாய்ப் புற்றுநோயின் முன்நிலையைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பைவாயில் ஒற்றி ஒரு நிமிடம் பொறுத்தால், கெடத் தொடங்கிய திசு வெண்திட்டாகத் தெரியும். நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில், பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்கள் இதைக் கற்றார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் செய்த சோதனையால் இந்நோயால் நேரும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் செய்த சோதனையால் 35 விழுக்காடு குறைந்தது.

மருத்துவரின் அறிவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்து வேறொருவர் கையில் தருவது அறமா? ஏழைக்கு அரைகுறை மருத்துவம் போதும் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறதா? மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறார். நான்காமவர் அங்கே மருத்துவருக்குப் பதிலாள் அல்லர். சுகாதாரப் பணியாளரையும் இப்படித்தான் கருத வேண்டும். தெரு அறிந்த ஒருத்தி கேட்டால்தான் பல பெண்கள் சோதனைக்கே இசைவார்கள். எந்தப் பட்டமும் அந்த நம்பிக்கையைத் தந்துவிடாது.

ஆனால் கற்ற கண் ஒரு கடனையும் உண்டாக்குகிறது. நோயைக் கண்டு சொல்லிவிட்டுச் சிகிச்சைக்கு வழி காட்டாமல் விட்டால், அச்சம்தான் மிஞ்சும். சிகிச்சை கிடைக்கும் இடத்தில்தான் நோய் தேடும் சோதனை தகும் என்பதை வில்சனும் யுங்னரும் 1968-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய நூலில் வரையறுத்தனர். திண்டுக்கல்லில் செவிலியருக்கு உறைகுளிர் சிகிச்சையும் கற்பிக்கப்பட்டது இதனால்தான்.

ஆய்வாளர் பயிற்சியில் கேள்வி இன்னும் கடினமாகிறது. மும்பையிலும் திண்டுக்கல்லிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதிலும் நடந்த ஆய்வுகளில் பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சோதனை கிடைத்தது. ஒப்பீட்டுப் பிரிவினருக்குக் கிடைக்கவில்லை. இந்நோயை முன்கூட்டியே கண்டால் உயிர் காக்கலாம் என்பது, கருப்பைவாய்ச் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் சோதனை வந்த 1940-களுக்குப் பின் படிப்படியாக நிலைபெற்ற உண்மை. அப்படியிருக்க ஒரு பிரிவை விட்டுவைக்கலாமா என்று பின்னாளில் கடுமையான விவாதம் எழுந்தது. நாட்டில் அப்போது பரவலான சோதனைத் திட்டமே இல்லை, எனவே ஒப்பீட்டுப் பிரிவினர் எதையும் இழக்கவில்லை என்பது ஆய்வாளர் தரப்பு. செலவு குறைந்த முறை பயன் தரும் என்று நிறுவாமல் எந்த அரசும் அதை ஏற்காது என்றும் வாதிட்டனர். அதில் உண்மை உண்டு: 2016-இல் இந்திய அரசு 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு இச்சோதனையைப் பரிந்துரைத்தது.

ஆயினும் வழக்கத்தில் இல்லை என்பது நடந்துவந்த அநீதியின் வருணனைதான். அநீதி தொடர அனுமதி தருவதாகாது. பின்னால் வரப்போகும் பெண்களுக்குக் கிடைக்கும் நன்மை, ஆய்வுக் காலத்தில் இறந்தவளைச் சேராது. தனக்குச் சோதனை கிடைக்காது, வேறிடத்தில் கிடைக்கக்கூடும் என்பதை அவள் தன் மொழியில் தெளிவாகக் கேட்டு இசைந்தாளா என்பதே முதலில் கேட்க வேண்டியது. எல்லா ஊர்களையும் படிப்படியாகச் சோதனைக்குள் கொண்டுவந்து, முன்பின் ஒப்பிடும் ஆய்வு முறையும் உண்டு; கணக்கு சற்றுச் சிக்கலாகும், ஆனால் யாரும் நிரந்தரமாக வெளியே நிற்பதில்லை.

மும்பையில் ஒப்பீட்டுப் பிரிவினருக்குப் புற்றுநோய் பற்றிய விளக்கம் தரப்பட்டது. பின்னர் களப்பணியாளர் குறித்த இடைவெளியில் வீடுவீடாகச் சென்று, நோய் வந்ததா என்று கேட்டுப் பதிந்தனர். வெண்திட்டைக் காணப் பழகிய பணியாளர் ஒருவர், அக்கண்ணைப் பயன்படுத்தாமல் வாசலில் நின்று கேள்வி மட்டும் கேட்கும் நிலையில் அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது, பஞ்சு பிடிக்கக் கற்றுத்தரும் அதே வகுப்பில் பேசப்பட வேண்டிய பாடம்.