கிளைவிளக்கின் கடன்

இறம்பொடைச் சாரலிலும் நுவரெலியாப் பக்கத்திலும் பெரிய தோட்டத்துப் பங்களாக்களில் துரைமார் விருந்துண்ட மேசையின் நடுவே வெள்ளிக் கிளைவிளக்கு நிற்றல் அக்கால வழக்கு. அத்தகைய பழம்பொருளை இன்று பெருவிலை கொடுத்து வாங்கித் தம் மேசைமீது ஏற்றுவார் உளர். அங்ஙனம் நுகர்தல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் அப்பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். ஸ்டேர்லிங் எனப்படுவதில் ஆயிரம் பங்கிற்கு 925 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. தனிவெள்ளி மென்மையுடைத்தாதலின் அக்கலப்பின்றிக் கிளைகள் வளையாது நில்லா. இவ்வளவு பொருந்தியதற்கு இங்கிலாந்தில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இடுவர். பாரமாய்த் தோன்றும் தண்டுகள் பலவற்றின் உள்ளே கீலும் சுதையும் அடைக்கப்பட்டிருக்கும். மேலே உள்ளது மெல்லிய வெள்ளித் தகடே. (கையில் ஏந்தி நிறைகண்டு மகிழ்வார் பலர் மகிழ்வது கீலின் நிறைக்கே!) இனி, காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். ஒருவர் கை இடையறாது துலக்கினாலன்றி அதற்கு ஒளியில்லை.

துலக்கிய கை அப்புவினதும் ஏவலரதும் ஆம். வாங்கிய பணமோ முன்னர்க் கோப்பியாலும், 1869இல் இலைநோய் தோன்றி அஃது அழிந்தபின் தேயிலையாலும் வந்தது. கொழுந்து பறித்தார் தமிழகத்தினின்று வந்த நம்மவர். அவர்தம் லயத்தறையில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் குடியுரிமையும் இழந்தனர்.

துரைமார் போயினர், 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்காயின, பழங்கணக்கை வெள்ளியின்மேல் ஏற்றுவதென்னை என்பாரும் உளர். அது பொருந்தாது. உடைமை கைமாறிற்று, லயங்களோ இன்றும் குடியிருப்பாகவே உள்ளன. வெள்ளிக்குக் குற்றமில்லை என்பதை யாமும் உடன்படுவேம். ஆயின் முன்னோர் அழகை உரிமையாகப் பெறுவோன் அதனொடு வந்த கடனை மாத்திரம் விலக்கிப் பெறுதல் எங்ஙனம்?

கோயிலின் வெள்ளிவிளக்கு வேறன்றோ எனின், அதன் ஒளி வருவார் யாவர்க்கும் பொது என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடும் எங்கும் எஞ்ஞான்றும் இருந்ததில்லை. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் மறிக்கப்பட்டோர்க்கு உள்ளே எரிந்த விளக்கும் துரையின் மேசைவிளக்கே ஆயிற்று. தோட்டத்துரையைக் குறைகூறும் சைவர் இதனையும் சேர்த்துக் கூறக் கடவர்.

விளக்கை உருக்கிவிடுக என்பது எம் கருத்தன்று. விருந்தினர்க்குச் சிங்கமுத்திரையைக் காட்டுவோர் கொழுந்து பறித்தோர் கதையையும் உடன் சொல்லுக. கொடுத்த விலையின் ஒரு பங்கேனும் இறம்பொடைப் பக்கத்து லயமொன்றிற் படிக்கும் பிள்ளையின் புத்தகத்துக்குச் செல்க.