மனமுவந்து

நன்னா மவுத்தான அன்று எனக்கு ஒன்பது வயது. ஜனாஸாவைத் தூக்குவதற்குச் சற்று முன்பு பெண்கள் நன்னியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து சந்தூக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா. மய்யித்தைக் கடனோட அனுப்பக் கூடாது" என்றார் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர். நன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். "வாயால சொல்லணும்." சொன்னார். அந்த வீட்டில் ஐம்பது ஆண்டுகள் அடுப்பெரித்தவருக்கு ஒரு கடன் பாக்கி இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அதே நிமிடத்தில் அது தள்ளுபடியும் ஆகிவிட்டது.

அப்போது நான் குர்ஆனை முழுதாக ஓதி முடித்திருந்தேன். எழுத்துக்கூட்டி ஓதத் தெரியும், பொருள் தெரியாது. கல்லூரிக்குப் போன பிறகு அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கத்தைப் படித்தபோதுதான், நான்காம் அத்தியாயத்தின் பெயரே 'பெண்கள்' என்பது உறைத்தது. அதன் நான்காவது வசனம் மஹரைப் பற்றியது. பெண்களுக்குரிய மஹரைக் கொடுத்துவிடச் சொல்கிறது. அவர்களாக மனமுவந்து அதில் எதையாவது விட்டுக்கொடுத்தால் அதை அனுபவிக்கலாம் என்கிறது. பிணத்தின் தலைமாட்டில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிழவி சொன்ன சொல்லில் மனம் எங்கே இருந்தது, உவப்பு எங்கே இருந்தது?

கல்வியை 'இல்மு' என்றும் செயலை 'அமல்' என்றும் சொல்வோம். செயலுக்கு வராத கல்வியால் பயனில்லை என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் வீடுகளில் அறிவு செயலுக்கு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மிகத் துல்லியமாக வந்திருக்கிறது. எந்தக் கையால் உண்பது, கழிப்பறைக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது, நகப்பூச்சோடு ஒளூ கூடுமா, முக்காட்டில் எத்தனை முடி தெரியலாம் என்பதெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நபிகள் வீட்டு வேலை செய்தார், தன் செருப்பைத் தானே தைத்துக்கொண்டார் என்ற செய்தியும் அதே நூல்களில்தான் இருக்கிறது. தாடியின் நீளம் நினைவிருக்கும் அளவுக்கு அந்தச் செருப்பு யாருக்கும் நினைவிருப்பதில்லை. எந்த அறிவால் ஆணுக்குச் செலவில்லையோ அது முதலில் நடைமுறைக்கு வருகிறது. செலவு வைக்கும் அறிவு ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. மஹர் 1,001 ரூபாய் என்று ஜமாஅத் தஃப்தரில் ஏறும். மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலி எந்தத் தஃப்தரிலும் ஏறாது.

சொத்துப் பங்கும் இப்படித்தான். 1937-இல் வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே என் அம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் முஸ்லிம் மகளுக்கு வயலிலும் தோப்பிலும் பங்கு உண்டு.

அத்தா இறந்தபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொத்தை 32 பங்காக்கினால் அம்மாவுக்கு 4, அண்ணனுக்கு 14, அக்காவுக்கும் எனக்கும் 7 வீதம். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுவாரம் அண்ணன் விடுதலைப் பத்திரம் கொண்டுவந்தார். "எல்லாரும் போடுறதுதானம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குப் பேனா வாங்கித் தந்து படிக்க வைத்தவர். முனைவர் பட்டம் பெற்று, வகுப்பில் பெண்ணுரிமை பேசிக்கொண்டிருந்த நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: எவருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன் எழுதிக் கொடுப்பதாக. நன்னியின் தலையாட்டல் அங்கே முத்திரைத்தாளில் அச்சாகியிருந்தது.

ஏன் போட்டேன்? மறுத்தால் பெருநாளைக்கு எந்த வீட்டுக்குப் போவது என்ற பயம். பங்கு கேட்டவள் என்ற பெயரோடு அம்மாவைப் பார்க்கப் போக முடியாது. பிறந்த வீட்டு வாசல் திறந்திருப்பதற்கு நாம் கொடுத்துக்கொண்டே இருக்கும் வாடகை அது. இதில் மத வேறுபாடும் இல்லை. தமிழகத்தில் 1989-லேயே இந்து மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. என்னோடு பணிபுரியும் தோழிகள் பலரும் அதே அலுவலகங்களில், அதே வரிக்குக் கீழே கையெழுத்திட்டவர்கள்தாம்.

இரண்டு மறுப்புகளை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். நகையும் கைக்கூலியும் கொடுத்தாயிற்றே, அதுதானே உன் பங்கு என்பது உறவினர்களுடையது. கைக்கூலி இன்னொரு வீட்டு ஆணுக்குப் போனது. அது எப்படி என் பங்காகும்? இன்னொன்று என் பெண்ணியத் தோழிகளுடையது: ஆணின் பங்கில் பாதிதானே, அதற்கா இத்தனை வாதம்? அந்தக் கேள்வி எனக்குள்ளும் உண்டு; அதை நான் மூடிவைக்கவில்லை. ஆனால் பாதியின் நியாயத்தை எனக்கு விளக்க வருகிறவர்கள் அந்தப் பாதியையாவது கொடுத்துவிட்டு வர வேண்டும். பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதியின் தத்துவம் பேசுவது எந்த மார்க்கத்திலும் நேர்மை ஆகாது.

இதுவரை நான் இழந்தவளாகவே பேசினேன். பெறுகிறவளாக நின்றபோது நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாமனார் இறந்தார். மாமியார் முன்பே இறந்துவிட்டார். இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள், மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. மார்க்கக் கணக்குப்படி மகன்களுக்கு ஒவ்வொரு ஏக்கர், மகள்களுக்கு ஐம்பது ஐம்பது சென்ட். நாத்தனார்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். வீட்டுக் கடன் இருந்தது, மகளின் படிப்புச் செலவு இருந்தது. மூன்று இரவுகள் நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் அன்று எப்படிப் பேசாமல் இருந்திருப்பார் என்பது அந்த மூன்று இரவுகளில் எனக்கு விளங்கிற்று. அநீதி செய்ய ஆத்திரமோ வஞ்சகமோ தேவையில்லை. கொஞ்சம் கடனும் கொஞ்சம் மௌனமும் போதும்.

நான்காம் நாள் கணவரிடம் சொன்னேன். "அவங்களே வேணாம்னு சொல்றாங்க, உனக்கு என்ன?" என்றார். "முதல்ல அவங்க பேர்ல பதிஞ்சு கொடுங்க. அப்புறம் அவங்களா திருப்பிக் கொடுத்தா வாங்கிக்கலாம்" என்றேன். மனமுவந்து என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே உரைகல் இதுதான். இல்லாத ஒன்றை யாரும் ஈய முடியாது. கையில் கொடுத்த பிறகு திரும்பி வருவது கொடை. கொடுக்காமலே கேட்டு வாங்குவதற்குப் பெயர் வேறு.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. பெரிய நாத்தனார் தன் ஐம்பது சென்ட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தேங்காய் போட்ட பணத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார். சின்னவர் ஒரே மாதத்தில் பெரிய கொழுந்தனார் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அது உவந்து தந்ததா, பயந்து தந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கொழுந்தனார் வீட்டில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

இப்படிப்பட்ட வழக்குகளை உள்ளூர் ஜமாஅத்துகளில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதால்தான், புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்று ஒரு ஜமாஅத்தையே முன்னெடுத்தார். அதைப் பற்றி வகுப்பில் பேசிய நாளில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், நீங்க உங்க பங்கை வாங்கிட்டீங்களா?"

"இல்லை" என்றேன். வகுப்பு அமைதியானது. வெட்கமாகத்தான் இருந்தது. அவள் நோட்டை மூடிவிட்டு, "எங்க வீட்ல அடுத்த மாசம் பத்திரம்" என்றாள். பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் அவளுடைய கணக்கைப் போட்டோம்: அம்மா, ஒரு தம்பி, மூன்று பெண்கள். 40 பங்கில் அவளுக்கு 7. அதை அவள் எழுதிக்கொண்டாள். கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. விட்டுக்கொடுத்தாலும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். நன்னிக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.