ஏழ்மையின் அளவுகோல்

அடுத்த வீட்டார் நம்மினும் வறியவர் என்பதால் நம் வீட்டுப் பசி குறைந்துவிடுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சிக் கொள்கையை நோக்குங்கால் இவ்வினா எழுகிறது.

அதன் விதி எளியது. தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டை எட்டாத வட்டாரத்திற்கே நிதியுதவியில் முதலிடம். 2004-இல் பத்து நாடுகள் புதிதாய் இணைந்தன; பெரும்பாலும் வறிய நாடுகள். சராசரி தாழ்ந்தது. தென் இத்தாலியின் பசிலிக்காத்தா தன் நிலையில் உயராமலே அந்த எல்லையைக் கடந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2007 முதல் அதற்குரிய சிறப்புதவி படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

போலந்துக்கும் லாத்வியாவுக்கும் கிடைத்த பங்கை நாம் குறைகூறவில்லை; அது நீதியே. ஆனால் பந்தியில் புதியோர் அமர்ந்தபோது பானை அதற்கேற்பப் பெரிதாகவில்லை. ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டமோ உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்! செல்வர் தம் கையை இன்னும் சற்று விரித்திருக்கலாம். மாறாக, தோழமையின் சுமையில் ஒரு பகுதியை ஏழையே ஏழைக்காகச் சுமக்க நேர்ந்தது. இதனைப் பகிர்வு என்று அழைக்க நம் மனச்சான்று தயங்குகிறது.

2014-இல் பசிலிக்காத்தா மீண்டும் பின்தங்கிய வட்டாரங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.