விழித்திருக்கும் பெட்டி

பொய் சொல்ல வழியற்றுப்போன ஒருவனை மெய்யன் என்று அழைக்கலாமா? கேள்வி பழையதுதான். ஆயினும் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து நெடுஞ்சாலைகளில் அது நாள்தோறும் புதிதாய் எழுகின்றது.

அங்கே 10ஆம் எண் நெடுஞ்சாலை, லூசியானா எல்லை தொட்டு நியூ மெக்ஸிகோ எல்லைவரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீள்கின்றது. ஹூஸ்டனில் சரக்கேற்றி எல் பாசோவில் இறக்க வேண்டிய லாரிக்காரருக்கு மட்டும் சுமார் 1,200 கிலோமீட்டர் பயணம். சரக்கோடு வண்டி 36 டன் வரை கனக்கும். சட்டமோ, 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரமே ஓட்டலாம், அதுவும் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் என்கின்றது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், வழியிலுள்ள வான் ஹார்ன் போன்ற சிற்றூரில் இரவைக் கழித்தே தீரவேண்டும்.

முன்பெல்லாம் இக்கணக்கை ஓட்டுநரே தம் கைப்பட ஏட்டில் எழுதி வந்தார். அந்த ஏட்டுக்கு அவர்களே சூட்டிய பட்டப்பெயர் ‘சித்திரக்கதைப் புத்தகம்’! 2017 டிசம்பரில் அந்த ஏடு போய், எஞ்சினோடு இணைந்த மின்னணுப் பெட்டி வந்தது. அது உறங்குவதில்லை.

பெட்டியைப் பழிப்போருடன் நாம் சேரமாட்டோம். எதிரே குடும்பத்துடன் காரில் வருபவர் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டவரல்லர். லாரிக்காரரின் உறக்கம் அவருக்கும் உரியது. ஆனால் ஏட்டில் பொய் ஏன் புகுந்தது என்று கேளாமல் தீர்ப்புக் கூறுவது நீதியன்று. நெடுந்தூர ஓட்டுநர் பலருக்கும் கூலி மைல் கணக்கில்தான். கிடங்கு வாசலில் நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தால் அதற்குக் கூலி பெரும்பாலும் சொற்பம், அல்லது இல்லவே இல்லை; 14 மணிக் கணக்கோ பொதுவாக ஓடிக்கொண்டேயிருக்கும். 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தந்த மிகைநேர ஊதிய உரிமையும் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. நான்கு மணி நேரத்தை விழுங்கிய கிடங்குக்காரர் எந்த ஏட்டிலும் எதையும் எழுத வேண்டியதில்லை. பெட்டி அவரைப் பார்ப்பதுமில்லை.

விளைவு என்ன? மணிக்கணக்கு மீறல் வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். விபத்து குறைந்ததாகவோ தெளிவாகத் தெரியவில்லை. சிறு நிறுவனத்து ஓட்டுநரிடையே வேகக் குற்றம் கூடிற்று. காகிதத்திலிருந்த பொய் கால்மிதிக்கு இடம் மாறியது என்போம்.

ஆயினும் பெட்டியால் ஒரு நன்மை உண்டு. அதனை மறைப்பதும் ஒருவகைப் பொய்யே. முன்பு உண்மைக் கணக்கு எழுதியவர், பொய்க் கணக்கு எழுதியவரிடம் சரக்கை இழந்தார். இன்று, “நேரம் முடிந்தது, இனி ஓட்டமாட்டேன்” என்று முதலாளியிடம் சொல்ல அவருக்குச் சாட்சி ஒன்று உள்ளது. எந்திரம் எவரையும் மெய்யராக்கவில்லை. மெய்யராய் இருந்தவர் செலுத்திவந்த அபராதத்தை ஓரளவு நீக்கிற்று, அவ்வளவே.

நேரம் முடிந்தபின் வண்டியை எங்கே நிறுத்துவது? அந்திசாய்ந்தால் நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும். பலர் சாலையின் ஓரச்சரிவிலேயே உறங்குகின்றனர். 2009இல் தென் கரோலினாவில், இறக்குமிடத்துக்கு நேரத்தோடு வந்துவிட்ட ஓர் ஓட்டுநர், நிற்க வேறிடமின்றிக் கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையமொன்றில் வண்டியை நிறுத்தினார். அங்கேயே கொள்ளையனால் கொல்லப்பட்டார். நிறுத்துமிடங்களைக் கணக்கெடுக்க 2012இல் சட்டம் வந்தது.