பிடிபட்டால் தண்டம், பிடிபடாவிட்டால்?



திருநாளுக்காக இலண்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்த அன்பர் ஒருவர், பூசை முடிந்தபின் ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“சுவாமி, அங்கத்தைய மோட்டர்வேயிலை எழுபது மைல்தான் சட்டம். ஆனால் எல்லாரும் எண்பதிலைதான் ஓடுவினம். நானும் அப்பிடித்தான். கமரா பிடிச்சால் காசைக் கட்டிப்போட்டுப் போறன். நான் ஒருத்தரையும் இடிச்சதில்லை. இதிலை பாவம் எங்கை கிடக்குது?”

கேட்டவர் கெட்ட மனிதர் அல்லர். உழைப்பாளி, நல்ல தகப்பன், ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவர். நம்முள் பலருடைய மனத்தில் கிடக்கும் எண்ணத்தையே அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே அக்கேள்வியைத் தட்டிக்கழியாது சற்று ஆழமாகச் சிந்திப்போம். அதிவேக நெடுஞ்சாலையில் வேகக் கட்டுப்பாட்டை மீறுவது உண்மையிலேயே ஆபத்தானதா? ஆபத்தானதாயினும், எவருக்கும் தீங்கு நேராத போது அதற்காக ஒருவரைத் தண்டிப்பது நீதியாகுமா?

முதலில் எதிர்த்தரப்பு வாதத்தை அதற்குரிய மதிப்புடன் கேட்போம். இங்கிலாந்தின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை 1958இல் பிரெஸ்ரன் நகரருகே திறக்கப்பட்டது. மறு ஆண்டில் எம்-1 என்னும் பெருஞ்சாலை திறக்கப்பட்டது. அன்று அங்கே வேகத்துக்கு எல்லையே இருக்கவில்லை. இத்தகைய சாலைகளில் எதிரே வாகனம் வராது; சந்திகள் இல்லை; பாதசாரிகளும் ஈருருளிகளும் இல்லை. ஆகவே ஓடிய தூரத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்நாட்டில் மிகவும் பாதுகாப்பான வீதிகள் இவைதாம். ஜேர்மனியிலோ இன்றும் பெரும்பாலான அதிவேக நெடுஞ்சாலைப் பகுதிகளில் கட்டாய எல்லை கிடையாது. மணிக்கு 130 கிலோமீற்றர் என்ற ஆலோசனை மாத்திரமே உண்டு. “ஜேர்மனியன் செய்தால் சட்டம், நான் செய்தால் குற்றமா?” என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1965இன் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் அந்நெடுஞ்சாலைகளில் பனிமூட்டத்தினிடையே வாகனங்கள் ஒன்றன்மேலொன்று மோதிய கொடிய விபத்துகள் நேர்ந்தன. அதன் பின்னரே, அவ்வாண்டு மார்கழி 22ஆம் திகதி, 70 மைல் எல்லை பரீட்சார்த்தமாக விதிக்கப்பட்டது, 1967இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஆக, இச்சட்டம் காரியாலய மேசையிலிருந்து பிறந்த வெறும் எண் அன்று. அனுபவத்தின் பின்னர் எழுதப்பட்டது. ஜேர்மனியிலும் வேகம் குற்றமற்றது என்று நீதிமன்றம் கூறிவிடவில்லை. 130ஐத் தாண்டி ஓடியவர் விபத்தில் சிக்கினால், பிழை மற்றவருடையதாயினும், 130இல் ஓடியிருந்தாலும் அவ்வாறே நேர்ந்திருக்கும் என்று அவர் காட்டாவிடின் நட்டத்தில் ஒரு பங்கை அவரும் சுமக்கலாம் என்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. எல்லை இல்லாத இடத்திலும் பொறுப்பு இருக்கிறது!

இனி, “பத்து மைல்தானே” என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடும் வாகனத்தின் தாக்கும் ஆற்றல் வேகத்தோடு சரிசமமாக ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் எழுபதிலிருந்து எண்பதாக ஏறினால் கூடுவது ஏழில் ஒரு பங்கு. ஆனால் ஆற்றல் ஏறக்குறைய 30 வீதம் கூடுகிறது. இரு கார்கள் அருகருகே செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 70இல், மற்றது 80இல். முன்னே ஒரு வாகனம் பழுதுபட்டு நிற்கிறது. இரு சாரதிகளும் ஒரே இடத்தில், ஒரே வலுவோடு பிறேக்கை அழுத்துகிறார்கள். முதலாவது கார் அந்த வாகனத்தைத் தொடாமல் மயிரிழையில் நிற்கிறது. அதே புள்ளியில் இரண்டாவது காரின் வேகம் என்ன? பத்து மைல் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அது 38 மைலுக்கு மேல், அதாவது மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் போய் மோதும். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போகும் அந்த ஒரு கணத்தில் கடந்த தூரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இத்தனை ஆபத்துக்கும் கிடைக்கும் இலாபம் யாது? அறுபது மைல் பயணத்தை 70இல் சென்றால் 51 நிமிடம். 80இல் சென்றால் 45 நிமிடம். ஆறு நிமிடம்! ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரம்.

சாலைகளின் சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்துகளின் அபாயம் சுமார் நான்கு வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே முதலாவது கேள்விக்கு விடை ஐயத்துக்கிடமற்றது. அதிவேக நெடுஞ்சாலை பாதுகாப்பானது என்பது மெய். அதில் வேகத்தை மீறுவது பாதுகாப்பானது என்பது பொய். அகலமான வீதி அமைத்தவரின் முன்யோசனையை, தன் சொந்தத் திறமை என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு பேதைமை!

“ஆனால் நான் எவரையும் இடிக்கவில்லையே” என்பது அடுத்த வாதம். இதுவே நம் விவாதத்தின் உயிர்நிலை. தீங்கு நேர்ந்தால்தான் குற்றமா? பழைய ஏற்பாட்டில் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். புதுவீடு கட்டுபவன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று அங்கே கட்டளை உண்டு. எவரேனும் விழுந்த பின் எழுப்பு என்று கூறப்படவில்லை; எவரும் விழு முன்னரே அது கடமையாகிறது. விடுதலைப் பயண நூலோ, முட்டும் பழக்கமுள்ள மாட்டைப் பற்றிப் பேசுகிறது. எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளன், அது ஒருவரைக் கொன்றால் பழிக்கு ஆளாகிறான். மாடு முட்டியது ஒரு கணத்தில். அவன் தவறியதோ அதற்கு முந்திய ஒவ்வொரு நாளும்.

சந்தை கூடும் வேளையில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கல் எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். கல் ஒருவர் மேலும் படவில்லை. அவனை நல்லவன் என்போமா? அதே மனம், அதே கை, அதே கல். பட்டதும் படாததும் அவனுடைய நற்குணத்தைப் பொறுத்தவை அல்ல. அவ்வாறே, எண்பதில் ஓடி வீடு சேர்ந்தவரும் எண்பதில் ஓடி ஒரு குழந்தையின் உயிரைப் பறித்தவரும் செய்த தெரிவு ஒன்றுதான். முன்னவர் தன் மனச்சாட்சியை நிம்மதியாக வைத்திருப்பது தன் நேர்மையினால் அன்று, தற்செயலினால்.

“தண்டப்பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது” என்ற எண்ணத்துக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சாமிநாதர் சபையினர், தங்கள் சபை ஒழுங்குகளை மீறுவது பாவம் அன்று, அதற்குரிய தண்டனையை ஏற்றால் போதும் என்று வகுத்துக்கொண்டார்கள். துறவியரின் மனம் அற்ப காரியங்களில் கலங்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. பின்னர் 1612இல் இயேசு சபை அறிஞர் சுவாரெஸ் போன்றோர், நாட்டுச் சட்டங்களிலும் சில அத்தகையவை என்று வாதித்தனர். அக்கொள்கையை நாங்களும் குருமடத்தில் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். வரி, சுங்கம் முதலிய காரியங்களில் அதைப் பற்றி அறிஞர் வாதாடலாம். ஆனால் அயலானின் உயிரைக் காக்கும் சட்டத்துக்கு அது ஒருபோதும் பொருந்தாது. அத்தகைய சட்டம் ஒரு புதிய கடமையை ஆக்குவதில்லை. “கொலை செய்யாதே” என்ற பழைய கடமைக்கு ஓர் அளவு குறித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதில் திருச்சபையின் குரலும் தெளிவானது. இரண்டாவது வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 மார்கழி 7ஆம் திகதி வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத்திரட்டின் 30ஆம் இலக்கத்தில், வாகன வேகச் சட்டங்களை அற்பமாய் எண்ணுவோரைப் பெயர் குறித்தாற்போலக் கண்டித்தது. அதற்குப் பதினைந்து நாள் கழித்தே இங்கிலாந்தில் 70 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது என்பது சுவையான பொருத்தம். 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு, வேக மோகத்தினால் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவது பாரதூரமான குற்றம் என்று 2290ஆம் இலக்கத்தில் கூறுகிறது. 2007இல் வத்திக்கான் வாகன ஓட்டிகளுக்கென்றே பத்துக் கட்டளைகளை வெளியிட்டது.

அப்படியானால் வேகமாய் ஓடும் எல்லாரையும் நீதிமன்றில் நிறுத்த வேண்டுமா? இங்கே நிதானம் வேண்டும். கவனக்குறைவால் எல்லையைச் சற்றே தாண்டியவரும், வேண்டுமென்றே நூறு மைலில் பறந்தவரும் ஒரே தராசில் வைக்கப்படலாகாது. இங்கிலாந்தில் சிறிய மீறலுக்குப் பெரும்பாலும் ஒரு பயிற்சி வகுப்பு, அன்றேல் நூறு பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளிகளும். மூன்றாண்டுக்குள் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் பொதுவாக வாகனம் ஓட்டும் உரிமையே சிறிது காலம் பறிபோகும். பெரிய மீறல் நீதிமன்றம் செல்லும். இது நியாயமான படிவரிசை. முதலில் கற்பித்தல், பின்னர் கண்டித்தல், ஈற்றில் தடுத்தல்.

எனினும் ஒரு குறை உண்டு. நூறு பவுண் ஏழைத் தொழிலாளிக்குத் தண்டனை; செல்வந்தனுக்கு அது வேகமாய்ப் போவதற்கான கட்டணம்! பின்லாந்தில் பெரிய மீறலுக்கான தண்டம் வருமானத்தின்படி கணக்கிடப்படுகிறது. அதனால் 2023இல் ஒரு செல்வந்தர் ஒரு வேக மீறலுக்காக ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் கட்ட நேர்ந்தது. தண்டனை எல்லாருக்கும் ஒரே அளவாய் வலிக்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். நம் நாட்டிலோ வேறொரு வியாதி. தண்டச் சீட்டைத் தவிர்க்கச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குள் மடித்து வைக்கும் நோட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து, அடுத்த வளைவில் வரும் யாரோ ஒருவருடைய உயிரை விலை பேசுகிறார்கள்.

வாசகரே, இது இலண்டன்காரருடைய காரியம் மாத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2011இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் நமக்கும் மணிக்கு 100 கிலோமீற்றர் என்ற எல்லை உண்டு. வடக்கே இன்னும் அத்தகைய சாலை வந்து சேரவில்லை. ஆனால் ஏ-9 வீதியில், மாடும் மனிதரும் குறுக்கே வரும் வீதியில், அதே வேகத்தில் ஓடும் பழக்கம் வந்துவிட்டது. ஆண்டுதோறும் இந்நாட்டு வீதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர்.

இங்கே நான் என் குற்றத்தையும் ஏற்க வேண்டும். ஒரு முறை திருநாட் பூசைக்குப் பிந்திவிட்டேன். வான் ஓட்டிய இளைஞனிடம், “தம்பி, கொஞ்சம் மிதி” என்றேன். அவன் மிதித்தான். குருவானவர் சொன்னால் மறுப்பானா? நாங்கள் நேரத்துக்குச் சேர்ந்தோம்; ஒன்றும் நேரவில்லை. அன்று இரவு அதை எண்ணி நான் வெட்கினேன். ஆண்டவருடைய பலிக்காகவே விரைந்தேன் என்று என்னை நானே தேற்ற முயன்றேன். ஆனால் வீதியோரம் நடந்த பிள்ளைகளுக்கு என் நோக்கம் கேடயமாக இருந்திருக்குமா? வாகனத்தை ஓட்டியவன் அவன்; வேகத்தை ஓட்டியவன் நான். பின்னாசனத்தில் இருந்து அவசரப்படுத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னுமொன்று. வீதி விபத்தில் இறந்தவரின் அடக்கத்தில், “ஆண்டவருடைய சித்தம்” என்று சொல்லி ஆறுதல் கொள்கிறோம். அழும் தாயின் முன் வேறென்ன சொல்வது என்று எனக்கும் தெரியும். ஆனால் நம் அவசரத்தின் விளைவை ஆண்டவர் தலையில் சுமத்துவது விசுவாசம் அன்று. அவர் சித்தம், அந்தப் பிள்ளை வீடு சேர வேண்டும் என்பதே.

வேப்பமரத்தடியில் நின்ற அன்பருக்கு அன்று நான் கூறிய பதில் சுருக்கமானது. “காசைக் கட்டினால் அரசாங்கத்தின் கணக்குத் தீரும். நீர் எண்பதில் கடந்து சென்ற ஒவ்வொரு காரிலும் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களை ஆபத்தில் வைக்க உமக்கு யார் அனுமதி கொடுத்தது?” அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “என்ரை பிள்ளையளும் காரிலைதான் இருந்ததுகள், சுவாமி” என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.